மணி அடித்த பிறகும் முடியாத சண்டை

எதிரில் நின்றவர் இறந்து விட்டால், ஜெயித்த குத்துச்சண்டை வீரரின் மனம் என்ன பாடுபடும்?

குத்துச்சண்டை மேடையில் இரண்டு பேர் ஏறுகிறார்கள். ஒருவர் ஜெயிக்கிறார். தோற்றவரை ஸ்ட்ரெச்சரில் வைத்துத் தூக்கிச் செல்கிறார்கள். சில நாட்கள் கழித்து ஆஸ்பத்திரியில் இருந்து செய்தி வருகிறது: அவர் இறந்து விட்டார்!

இறந்தவருக்காக ஊரே அழுகிறது. அவருடைய படத்தைப் பத்திரிகைகள் முதல் பக்கத்தில் போடுகின்றன. குத்துச்சண்டையைத் தடை செய்ய வேண்டும் என்று சிலர் குரல் கொடுக்கிறார்கள்.

ஜெயித்தவர் என்ன ஆனார்? அதைக் கேட்பவர்கள் மிகக் குறைவு.

அவர் குற்றவாளி அல்ல. விதிப்படிதான் சண்டை போட்டார். கையுறை போட்டிருந்தார். நடுவர் பக்கத்திலேயே நின்றார். சட்டமும் அவரைக் குற்றம் சொல்வதில்லை.

ஆனால் இரவில் அவருக்குத் தூக்கம் வருவதில்லை.

14-வது ரவுண்டு

1982-ம் ஆண்டு நவம்பர் 13-ந் தேதி. அமெரிக்காவில் உள்ள லாஸ் வேகாஸ் நகரில், சீசர்ஸ் பேலஸ் ஓட்டலின் திறந்தவெளி அரங்கில் உலக 'லைட்வெயிட்' பட்டத்துக்கான சண்டை நடந்தது.

சாம்பியன் பெயர் ரே மான்சினி. வயது 21. ஒஹையோ மாநிலத்தில் யங்ஸ்டவுன் என்ற இரும்பு ஆலை நகரத்தைச் சேர்ந்தவர். அவருடைய தந்தை லென்னி மான்சினியும் குத்துச்சண்டை வீரர்தான். உலகப் பட்டத்துக்குப் போட்டியிடும் நிலைக்கு வந்த நேரத்தில் இரண்டாவது உலகப் போர் குறுக்கிட்டது. போர்முனையில் குண்டுவீச்சில் காயம் அடைந்தார். பட்டம் கனவாகவே போய் விட்டது. தந்தைக்குக் கிடைக்காததை எப்படியும் வாங்கித் தருவேன் என்று சொல்லி மேடை ஏறியவர், மகன் ரே. 1982 மே மாதத்தில் பட்டத்தை வென்று, சொன்னதைச் செய்து காட்டினார்.

எதிரே நின்றவர், தென் கொரியாவைச் சேர்ந்த கிம் டுக் கூ. இரண்டு வயதிலேயே தந்தையை இழந்தவர். ஷூ பாலிஷ் போட்டும் சுற்றுலாப் பயணிகளுக்கு வழி காட்டியும் வயிறு கழுவியவர். ஊரில் அவருக்கு நிச்சயிக்கப்பட்ட பெண் கர்ப்பமாக இருந்தார். கிம்முக்கும் அந்தப் பட்டம்தான் வாழ்வு.

சண்டை கடுமையாக இருந்தது. மான்சினியின் இடது காது கிழிந்தது. கண் வீங்கி மூடியது. இருவருமே பின்வாங்கவில்லை. 13 ரவுண்டு முடிந்தது.

14-வது ரவுண்டு தொடங்கிச் சில விநாடிகள்தான் ஆகியிருக்கும். மான்சினியின் வலது கைக் குத்து கிம்மைச் சாய்த்தது. கயிற்றைப் பிடித்துக்கொண்டு கிம் எழுந்து நிற்கப் பார்த்தார். நடுவர் ரிச்சர்டு கிரீன் சண்டையை நிறுத்தினார். மான்சினி ஜெயித்து விட்டார்.

அடுத்த சில நிமிடங்களில் கிம் நினைவு இழந்தார். உடனே மூளையில் ஆபரேஷன் நடந்தது. நினைவு திரும்பவே இல்லை. கொரியாவில் இருந்து தாயார் ஓடி வந்தார். நான்கு நாட்களில் கிம் இறந்து போனார்.

எந்தக் குத்து?

இத்தகைய மரணங்களில் பெரும்பாலும் நடப்பது இதுதான்:

மண்டை ஓட்டுக்குள் மூளை திரவத்தில் மிதந்து கொண்டிருக்கிறது. பலமான குத்து விழும்போது தலை சட்டென்று ஒரு பக்கம் திரும்புகிறது. மூளை சற்றுத் தாமதித்துத் திரும்புகிறது. மூளைக்கும் அதன் மேல் உறைக்கும் நடுவே பாலம் போல ஓடும் மெல்லிய ரத்தக் குழாய்கள் இதனால் அறுந்து விடுகின்றன. ரத்தம் கசிந்து, தேங்கி, மூளையை நெருக்குகிறது.

ரத்தம் மெதுவாகக் கசிந்தால், அடிபட்டவர் சிறிது நேரம் நன்றாகவே இருப்பார். நிற்பார், பேசுவார். பிறகுதான் விழுவார்.

எந்தக் குத்தில் அந்தக் குழாய் அறுந்தது என்று பெரும்பாலும் யாராலும் சொல்ல முடியாது. கடைசிக் குத்தாக இருக்கலாம். முந்தைய பத்து ரவுண்டுகளில் விழுந்த நூற்றுக்கணக்கான குத்துகளில் ஒன்றாகவும் இருக்கலாம்.

ஜெயித்தவருக்கு வேதனை தொடங்கும் இடமும் இதுதான். காரோட்டியின் கையில் விபத்து நடந்தால், "பிரேக் பிடிக்கவில்லை" என்று சொல்லலாம். ஏதோ தவறு நடந்து விட்டது என்று மனதைத் தேற்றிக்கொள்ளலாம். குத்துச்சண்டையில் அப்படி இல்லை. அவர் கை தவறவில்லை. எதைச் செய்யப் பல வருஷம் பயிற்சி எடுத்தாரோ, அதைத்தான் சரியாகச் செய்தார். சரியாகச் செய்ததால்தான் எதிரில் நின்றவர் இறந்தார்!

போர்முனையில் இருந்து திரும்பும் சிப்பாய்களிடம் இதே போன்ற வேதனையை மனநல டாக்டர்கள் பார்க்கிறார்கள். உத்தரவுப்படி நடந்தவர்தான், சட்டப்படி குற்றம் இல்லை, ஆனாலும் மனசாட்சியில் காயம் பட்டு விடுகிறது. உடம்புக் காயம் போல் அது தானாக ஆறுவது இல்லை.

முன்கூட்டியே வந்த கனவு

இந்த வேதனை மான்சினியோடு தொடங்கியது அல்ல.

1930-ம் ஆண்டு ஆகஸ்டு மாதம் சான்பிரான்சிஸ்கோவில் மேக்ஸ் பேர் என்ற வீரர், பிராங்கி காம்ப்பெல் என்பவருடன் மோதினார். அடிபட்ட காம்ப்பெல் மறுநாள் இறந்தார். பேரை போலீசார் கைது செய்தார்கள். பிறகு வழக்கில் இருந்து விடுதலை ஆனார். விடுதலை கிடைத்ததே தவிர நிம்மதி கிடைக்கவில்லை. அவர் தூக்கத்தில் அலறி எழுவதும், அந்தச் சண்டையை நினைத்து அழுவதும் பல வருஷம் நீடித்ததாக அவருடைய குடும்பத்தினர் சொல்லியிருக்கிறார்கள். பிறகு சண்டைகளில் கிடைத்த பணத்தில் இருந்து காம்ப்பெல் குடும்பத்துக்கு உதவி செய்தார். 1934-ல் உலக 'ஹெவிவெயிட்' சாம்பியன் ஆனார். அப்போதும் அந்த நினைவு அவரை விடவில்லை.

சுகர் ரே ராபின்சனின் கதை இன்னும் விசித்திரமானது. உலகம் கண்ட மிகச் சிறந்த குத்துச்சண்டை வீரர் என்று பலரும் சொல்வது இவரைத்தான். 1947 ஜூன் 24-ந் தேதி, கிளீவ்லாந்து நகரில் ஜிம்மி டாயில் என்ற 22 வயது வாலிபருடன் அவருக்குப் போட்டி. முதல் நாள் இரவு ராபின்சன் ஒரு கனவு கண்டார். தன் குத்தில் டாயில் இறந்து போவதாகக் கனவு!

திடுக்கிட்டு எழுந்தவர், சண்டை போட மாட்டேன் என்று சொல்லி விட்டார். போட்டியை நடத்துகிறவர்கள் பதறினார்கள். ஒரு பாதிரியாரை அழைத்து வந்து ஆறுதல் சொல்ல வைத்தார்கள். ராபின்சன் மேடை ஏறினார். 8-வது ரவுண்டில் டாயில் விழுந்தார். மறுநாள் இறந்தார்.

மரண விசாரணை நடந்தது. டாயில் தடுமாறுவது தெரிந்துதான் அடித்தீர்களா என்ற கருத்தில் கேள்வி கேட்கப்பட்டது. எதிரியைத் தடுமாற வைப்பதுதான் தன் தொழில் என்று ராபின்சன் பதில் சொன்னார். கல்நெஞ்சக்காரர் பேசுகிற பேச்சாக அது பலருக்குப் பட்டது. உண்மையில், அந்தத் தொழில் எப்படிப்பட்டது என்பதை ஒரே வரியில் சொல்லி விட்டார். தாயாருக்கு வீடு வாங்கிக் கொடுக்க வேண்டும் என்று டாயில் ஆசைப்பட்டது தெரிந்ததும், தன் சண்டைகளில் கிடைத்த பணத்தை அந்தத் தாயாருக்குக் கொடுத்தார், ராபின்சன்.

அடிக்கத் தயங்கிய கை

பணம் கொடுப்பது ஒரு வழி. ஆனால் கைக்கு என்ன ஆகிறது?

1962 மார்ச் 24-ந் தேதி, நியூயார்க் மாடிசன் ஸ்கொயர் கார்டன் அரங்கில் எமில் கிரிபித், கியூபாவைச் சேர்ந்த பென்னி பாரெட் இருவரும் மூன்றாவது முறையாக மோதினார்கள். எடை பார்க்கும் இடத்தில் கிரிபித்தைப் பாரெட் கேவலமாகக் கேலி செய்திருந்தார். 12-வது ரவுண்டில் மூலையில் சிக்கிய பாரெட்டை கிரிபித் சரமாரியாகக் குத்தினார். லட்சக்கணக்கான மக்கள் வீட்டில் இருந்தபடி டெலிவிஷனில் அதைப் பார்த்தார்கள். நடுவர் குறுக்கே பாய்வதற்குள் எல்லாம் முடிந்து விட்டது. பத்து நாள் நினைவு இல்லாமல் கிடந்த பாரெட், ஏப்ரல் 3-ந் தேதி இறந்தார்.

கோபத்தில் கொன்று விட்டார் என்று கிரிபித்தைத் தூற்றினார்கள். வசைக் கடிதங்கள் வந்தன. இரவில் பாரெட் கனவில் வந்தார்.

கிரிபித் குத்துச்சண்டையை விட்டு விடவில்லை. 1977 வரை மேடை ஏறினார். உலகப் பட்டங்களும் வென்றார். ஆனால் பழைய கிரிபித் திரும்பி வரவில்லை. யாரையும் காயப்படுத்தி விடுவோமோ என்ற பயத்தில், ஜெயிக்கப் போதுமான அளவுக்கு மட்டுமே அடித்ததாக அவரே பிற்காலத்தில் சொன்னார். எதிரி தள்ளாடும்போது பாய வேண்டிய இடத்தில் அவர் கை தயங்கியது.

குத்துச்சண்டையில் தயங்குகிற கை ஆபத்தானது. தான் அடிக்காவிட்டால் எதிரி அடிப்பான். மனசாட்சி ஒரு பக்கம் இழுக்க, தொழில் மறு பக்கம் இழுக்க, அந்த வீரர் நடுவில் மாட்டிக் கொள்கிறார்.

இறந்தவருக்காக ஒரு பட்டம்

வேறு சிலர், சண்டையையே இறந்தவருக்குக் காணிக்கை ஆக்கினார்கள்.

அயர்லாந்து வீரர் பாரி மெக்குவிகன், 1982 ஜூனில் லண்டனில் 'யங் அலி' என்ற நைஜீரிய வீரரைச் சாய்த்தார். யங் அலி மாதக் கணக்கில் நினைவு இல்லாமல் கிடந்து அந்த ஆண்டு டிசம்பரில் இறந்தார். குத்துச்சண்டையையே விட்டு விடலாமா என்று மெக்குவிகன் நினைத்தார். பிறகு மனதை மாற்றிக் கொண்டார். 1985 ஜூன் 8-ந் தேதி உலகப் பட்டத்தை வென்றார். வெற்றி விழா போல அரங்கம் ஆர்ப்பரித்தது. டெலிவிஷன் பேட்டியில், இந்த வெற்றி யங் அலிக்கு என்று சொல்லிக் கண்ணீர் விட்டார் மெக்குவிகன். தன் எதிரி ஏதோ ஒரு சாதாரண ஆளிடம் தோற்று இறந்தார் என்று ஆகி விடக் கூடாது. உலக சாம்பியனிடம் தோற்றவர் என்ற பெயராவது அவருக்கு மிஞ்ச வேண்டும் என்பது மெக்குவிகனின் எண்ணம்.

2019 அக்டோபரில் சிகாகோ நகரில் இதே கதை மீண்டும் நடந்தது. சார்லஸ் கான்வெல் என்ற 21 வயது வீரரின் குத்தில் விழுந்த பேட்ரிக் டே, நான்கு நாள் கழித்து இறந்தார். கான்வெல், இறந்தவருக்கே ஒரு கடிதம் எழுதி வெளியிட்டார். அந்தச் சண்டை திரும்பத் திரும்ப மனதில் ஓடுவதையும், எங்கே போனாலும் பேட்ரிக் டேயைப் பார்ப்பதையும், தொழிலை விட்டு விட நினைத்ததையும் அதில் சொல்லியிருந்தார். உலகப் பட்டத்தை உங்களுக்காக வெல்வேன் என்று உறுதி கூறினார்.

இது நல்ல வழிதான். ஆனால் இறந்தவர் பதில் கடிதம் எழுத மாட்டார். மன்னித்தேன் என்று ஒரு வார்த்தை சொல்ல மாட்டார். அதைச் சொல்லக் கூடியவர்கள், அவர் விட்டுச் சென்ற குடும்பத்தார் மட்டுமே.

தொடர்ந்த துக்கம்

மான்சினிக்கு நடந்ததைப் பார்ப்போம்.

கிம்மின் இறுதிச் சடங்குக்காக மான்சினி கொரியாவுக்கே போனார். கொன்றவன் வந்திருக்கிறான் என்று அங்குள்ளவர்கள் எப்படிப் பார்ப்பார்களோ என்று பயப்படவில்லை. போய் அஞ்சலி செலுத்தினார்.

ஆனால் துக்கம் அதோடு முடியவில்லை. மகனைப் பறிகொடுத்த கிம்மின் தாயார், சில மாதங்களில் தற்கொலை செய்து கொண்டார். 1983-ம் ஆண்டு ஜூலையில் நடுவர் ரிச்சர்டு கிரீனும் தற்கொலை செய்து கொண்டார். அதற்கு இந்தச் சண்டைதான் காரணம் என்று உறுதியாகச் சொல்ல முடியாது. ஆனால் ஊர் இரண்டையும் முடிச்சுப் போட்டுப் பேசியது.

அதே மாதத்தில் கொரியாவில் ஓர் ஆண் குழந்தை பிறந்தது. தந்தையின் முகம் பாராத பிள்ளை!

விதிகள் மாறின. 15 ரவுண்டாக இருந்த உலகப் பட்டச் சண்டை 12 ரவுண்டு ஆக்கப்பட்டது. உலகக் குத்துச்சண்டை கவுன்சில் உடனே மாற்றியது. மற்ற அமைப்புகள் சில ஆண்டுகளில் பின்பற்றின. மேடை ஏறுவதற்கு முன் செய்யும் மருத்துவ சோதனைகளும் கூடின.

மான்சினியின் மனம் மட்டும் மாறவில்லை. மீண்டும் மேடை ஏறினார். ஆனால் முன்பு இருந்த வேகமும் ஆசையும் இல்லை. 1984-ல் பட்டத்தை இழந்தார். 1985-ல் மறுபடி தோற்றதும், 24 வயதிலேயே கையுறையைக் கழற்றி வைத்தார். இடையில் இரண்டொரு முறை திரும்பி வந்தாரே தவிர, பழையபடி ஆகவில்லை. ஒருவரைக் கொன்றபோது எப்படி இருந்தது என்று முன்பின் தெரியாதவர்கள் கூட அவரிடம் வந்து கேட்டார்கள்.

மகன் வந்தான்

ஆண்டுகள் ஓடின. கொரியாவில் அந்தக் குழந்தை வளர்ந்து வாலிபன் ஆனது. தந்தை எப்படி இறந்தார் என்று தெரிந்து கொண்டது. அந்தச் சண்டையின் படத்தைப் பார்த்தபோது, மான்சினி மீது வெறுப்பு வந்ததை மகன் மறைக்கவில்லை.

2011-ம் ஆண்டு கோடைக்காலம். அந்த மகனும், அவருடைய தாயாரும் அமெரிக்காவுக்கு வந்தார்கள். கலிபோர்னியாவில் மான்சினியின் வீட்டுக்கே போனார்கள். சண்டை நடந்து 28 ஆண்டுகளுக்கு மேல் ஆகியிருந்தது. மான்சினிக்கு 50 வயது.

மான்சினி தன் மனதில் இருந்ததை எல்லாம் கொட்டினார். மகன் கேட்டார். பிறகு தன் மனதைச் சொன்னார். அது உங்கள் தவறு அல்ல என்று சொன்னார்.

இதையே டாக்டர்கள் சொல்லி இருந்தார்கள். பத்திரிகைகள் எழுதி இருந்தன. நண்பர்கள் ஆயிரம் முறை சொல்லி இருப்பார்கள். ஆனால் சொல்ல உரிமை உள்ளவர் வாயில் இருந்து வந்த போதுதான் அந்தச் சொல்லுக்குப் பலம் வந்தது. அந்தச் சந்திப்பு தனக்கு நிம்மதி தந்ததாக மான்சினி பிறகு கூறினார்.

மற்றவர்கள் விஷயத்திலும் இப்படி நடந்திருக்கிறது. தந்தை இறந்தபோது சிறு குழந்தையாக இருந்த பாரெட்டின் மகன், சுமார் 40 ஆண்டுகளுக்குப் பிறகு ஓர் ஆவணப் படத்துக்காக கிரிபித்தைச் சந்தித்தார். தனக்குக் கோபம் இல்லை என்று சொல்லிக் கட்டித் தழுவினார். முதுமையில் தளர்ந்து போயிருந்த கிரிபித் கலங்கினார். அந்தப் படம் 2005-ல் வெளிவந்தது. கிரிபித் 2013-ல் காலமானார்.

1963 மார்ச்சில் லாஸ் ஏஞ்சல்சில் சுகர் ராமோசிடம் தோற்றவர் டேவி மூர். தோற்ற பிறகு பத்திரிகை நிருபர்களிடம் நன்றாகப் பேசிக் கொண்டிருந்தார். பிறகு தலை வலிக்கிறது என்று சொல்லி மயங்கியவர், சில நாட்களில் இறந்தார். ராமோசின் கையில் இறந்த முதல் வீரர் அவர் அல்ல. 1958-ல் கியூபாவிலும் ராமோசிடம் மோதிய ஒருவர் இறந்திருந்தார். 2013-ல் மூரின் சொந்த ஊரான ஸ்பிரிங்பீல்டில் அவருக்குச் சிலை வைத்தார்கள். அந்த விழாவுக்கு, 70 வயதைத் தாண்டிய ராமோஸ் வந்தார். மூரின் மனைவியும் அங்கே இருந்தார். சிலைக்கு முன்னால், கணவரை இழந்தவரும், அந்த இழப்புக்குக் காரணமாக அமைந்தவரும் ஒரே இடத்தில் நின்றார்கள்.

பக்கத்தில் யார்?

வட சென்னையில் குத்துச்சண்டைப் பரம்பரைகளின் மோதலைக் கொட்டகை கொள்ளாத கூட்டம் பார்த்த காலம் உண்டு. இன்று நம் பிள்ளைகள் குத்துச்சண்டையோடு, காலும் பயன்படுத்தும் 'கிக்பாக்சிங்' சண்டையும் கற்கிறார்கள். 2022 ஜூலையில் பெங்களூரில் நடந்த ஒரு கிக்பாக்சிங் போட்டியில், மைசூரைச் சேர்ந்த 23 வயது வாலிபர் அடிபட்டு விழுந்து உயிர் இழந்தார். ஆகவே இது கடல் கடந்த ஊர்க் கதை மட்டும் அல்ல.

போட்டி நடக்கும் இடத்தில் டாக்டர் வேண்டும், ஆம்புலன்ஸ் வேண்டும் என்கிறோம். கட்டாயம் வேண்டும். அடிபட்டவரைக் காப்பாற்றுவதுதான் முதல் வேலை.

இரண்டாவது வேலை ஒன்றும் இருக்கிறது. எதிரே நின்ற பிள்ளையை யாராவது வீட்டுக்கு அழைத்துப் போக வேண்டும். அன்று இரவு அவனைத் தனியாக விடக் கூடாது. உன் மேல் குற்றம் இல்லை என்று ஒரு முறை சொல்லிவிட்டு நகர்ந்து விடாமல், அவன் பேசுவதைக் கேட்க வேண்டும். மாதக் கணக்கில், வருஷக் கணக்கில் கேட்க ஆள் வேண்டும். தேவைப்பட்டால் மனநல டாக்டரிடம் அழைத்துப் போக வேண்டும். இறந்தவரின் வீட்டுக்கு என்றாவது ஒரு நாள் அவன் போக விரும்பினால், அந்த வீட்டாரும் சம்மதித்தால், அந்த வழியைத் திறந்து விட வேண்டும்.

மான்சினி அந்த வழியைக் கண்டுபிடிக்க 28 ஆண்டுகள் ஆயின. லாஸ் வேகாசில் நடுவர் கையை விரித்து நிறுத்திய சண்டை, கலிபோர்னியாவில் ஒரு வீட்டில், ஒரு மகன் பேசிய பிறகுதான் முடிந்தது.